இரண்டு மணி நேரம் வெறும் விளையாட்டு: நான்கு வயதுக் குழந்தை இதில் என்ன கற்கிறாள்?

கேள்வி: புதுத்தகப்பன்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது மூன்று மாதம் ஆகிறது. இந்த ஆண்டு அவளைச் சேர்த்திருக்கும் மழலையர் பள்ளியில் காலை வேளையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தைக் 'கட்டற்ற விளையாட்டு' என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆசிரியை எதையும் சொல்லித் தருவதில்லை. எதை எடுப்பது, யாரோடு சேர்வது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் குழந்தைகளே முடிவு செய்கிறார்கள். சேர்க்கையின்போது இது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. ஐந்து மாதம் கடந்த பிறகு மனம் அலைபாய்கிறது.

மாலையில் "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லை, விளையாடினேன்" என்பதே அன்றாடப் பதில். அதே வயதுடைய என் அண்ணன் மகன் வேறு பள்ளியில் படிக்கிறான். அவன் உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் எழுதுகிறான். நூறு வரை தடங்கலின்றி ஒப்பிக்கிறான். என் மகளோ தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும், அதையும் இடவலம் மாற்றி எழுதுகிறாள். குடும்பத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை; ஆனால் அவன் எழுதிக் காட்டும்போது எல்லோருடைய பார்வையும் ஒரு கணம் என் மகள் பக்கம் திரும்புவதை நான் கவனிக்காமல் இல்லை.

பள்ளியில் கேட்டபோது, "விளையாட்டின் வழியாகவே கற்கிறாள்" என்றார்கள். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் இதே வாக்கியத்தைப் பதிலாகச் சொல்லிவிட முடியும் என்பதுதான் என் சிக்கல். விளையாட்டு குழந்தைக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெரியவர் எதையும் சொல்லித் தராத அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பது கற்றல்தானா, அல்லது ஆசிரியர்களின் ஓய்வு நேரத்துக்கு இட்ட அழகிய பெயரா? இதை ஒரு பெற்றோர் எப்படிப் பிரித்தறிவது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1: கட்டைப்பெட்டி

வணக்கம். பதினேழு ஆண்டுகளாக மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்து வருகிறேன். உங்கள் கடைசிப் பத்தி எங்களைப் போன்றவர்களைச் சற்றுச் சுடும். ஆனாலும் நியாயமான கேள்வி. அழகிய பெயர் சூட்டிய ஓய்வு நேரங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

சென்ற வாரம் என் வகுப்பில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். ஆறு குழந்தைகள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பேருந்து ஓட்டுவதென்று முடிவு செய்தார்கள். ஓட்டுநர் யார் என்ற வழக்கு தீரவே பத்து நிமிடம் ஆயிற்று. தோற்றவன் அழுதுகொண்டே விலகிப் போனான். வென்றவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து திரும்பிப் பார்த்தாள்; நடத்துநர் இல்லை. எழுந்து போய் அவனைத் தானே அழைத்து வந்து, "நீ விசில் ஊதினால்தான் நான் வண்டியை எடுப்பேன்" என்றாள். அழுகை நின்றது. அடுத்தது பயணச்சீட்டு. கையில் மூன்று காய்ந்த இலைகள். பயணிகள் நான்கு பேர். நடத்துநர் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினான், மறுபடியும் எண்ணினான், பிறகு ஓர் இலையை இரண்டாகக் கிழித்தான். பாதி இலை பெற்ற இருவரில் ஒருத்தி, "எனக்கு மட்டும் ஏன் சின்னது?" என்று சண்டைக்கு வந்தாள். "பாதி டிக்கெட் சின்னப் பிள்ளைகளுக்கு" என்று அவன் சொன்னதை அவள் ஏற்கவில்லை. "நான் உன்னைவிடப் பெரியவள்" என்று பக்கத்தில் நின்று உயரத்தை அளந்து காட்டினாள். கடைசியில் பாதிச் சீட்டுக்காரர்கள் இருவரும் ஒரே நாற்காலியை நெருக்கிப் பகிர்ந்துகொள்வது என்று தீர்வு கண்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு பேருந்து ஓடியது மூன்று நிமிடம்கூட இருக்காது. ஏற்பாட்டுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

அந்த அரை மணி நேரத்தில் நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுமில்லை. அவர்களிடம் மாலையில் கேட்டிருந்தால் "விளையாடினோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஆட்களையும் இலைகளையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்த்து ஒன்று குறைகிறது என்று கண்டறிந்தது எண்ணறிவு. எண்களை ஒப்பிப்பது வேறு, எண்ணிக்கையை அறிவது வேறு. பத்து வரை சரளமாகச் சொல்லும் மூன்று வயதுக் குழந்தைகளில் பலரிடம் "மூன்று பொம்மை கொடு" என்றால் எண்ணாமல் கைநிறைய அள்ளிக் கொடுப்பார்கள். காரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டினார். உங்கள் அண்ணன் மகனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவனுக்கு இரண்டுமே கைவந்திருக்கலாம். உங்கள் மகளிடம் "ஏழு கரண்டி எடுத்து வா" என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்கள். நூறு வரை ஒப்பிக்காத குழந்தை ஏழைச் சரியாகக் கொண்டு வந்தால், கணக்கில் அவள் எங்கே நிற்கிறாள் என்பது ஓரளவு விளங்கும்.

எண்ணைவிட முக்கியமானதாக நான் கருதுவது அந்த ஓட்டுநர்ப் பெண்ணின் காத்திருப்பு. தண்ணீர்க் குழாய் வரிசையில் ஒரு நிமிடம் பொறுக்காதவள், விசில் வரும்வரை வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். 1933இல் லெனின்கிராடில் ஆற்றிய உரையில் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி கூறியது இதைத்தான்: பாவனை விளையாட்டில் கட்டுப்பாடு இல்லை என்று நாம் எண்ணுகிறோம், ஆனால் ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது, அந்த விதிக்குத் தானே விரும்பிக் கட்டுப்படும்போது குழந்தை தன் அன்றாட நடத்தையைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது. குச்சியைக் குதிரையாக ஓட்டும் குழந்தைக்குப் பொருளிலிருந்து அதன் அர்த்தம் பிரிந்து வருகிறது என்பதும் அவர் சொன்னதே. இலை பயணச்சீட்டாக நிற்க முடியும் என்று அறிந்தவளுக்கு, ஒரு கோடும் சுழியும் ஓர் ஒலிக்காக நிற்க முடியும் என்பது பிற்பாடு அவ்வளவு அந்நியமாக இருக்காது.

ஓய்வு நேரத்தையும் கட்டற்ற விளையாட்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டீர்கள். ஒரு காலைப்பொழுது அனுமதி பெற்று ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். நான் முதலில் பார்ப்பது ஆசிரியையின் கண்களை. அவர் எதுவும் பேசாமல் இருக்கலாம். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, கையில் குறிப்பேடு இருக்கிறதா, நேற்று ஒரு குழந்தை எங்கே திணறியது என்பது அவருக்குத் தெரிகிறதா? சண்டை மூண்டவுடன் பாய்ந்து தீர்ப்புச் சொல்கிறாரா, கை ஓங்கும்வரை பொறுக்கிறாரா, அல்லது கவனிக்கவே இல்லையா? முதலாவது அவசரம், கடைசியானது அலட்சியம். பிறகு பொருள்களைப் பாருங்கள். ஒரே ஒரு விதமாக மட்டும் பயன்படும் பொம்மைகள் நிறைந்த அறையில் விளையாட்டு சீக்கிரம் வற்றிவிடும். மரக்கட்டை, மணல், நீர், துணி, பெட்டி, கயிறு ஆகியவை இருந்தால் நீளும். நேரத்தைத் துண்டு போடாமல் இருக்கிறார்களா என்பதும் முக்கியம். என் பேருந்து அரை மணியில்தான் புறப்பட்டது. இருபது நிமிடத்தில் மணி அடித்திருந்தால் வெறும் சண்டையாகவே முடிந்திருக்கும்.

இந்தத் துறையின் முன்னோர்களே விளையாட்டைப் பற்றி ஒரே குரலில் பேசியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1840இல் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரைத் தந்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் விளையாட்டைக் குழந்தைப் பருவத்தின் மிக உயர்ந்த வெளிப்பாடாகக் கண்டார். 1907இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரியோ, விலையுயர்ந்த பொம்மைகளை ஒதுக்கிவிட்டு மெய்யான வேலைகளைக் குழந்தைகள் நாடுவதைப் பார்த்து, அவர்கள் செய்வதை 'வேலை' என்றே அழைத்தார். ஆயினும் குழந்தை தானே தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்திருக்கும்போது குறுக்கே போகக்கூடாது என்பதில் இருவருக்கும் பெரிய கருத்துவேறுபாடு இல்லை.


மறுமொழி 2: ஐயப்பாடு

கட்டைப்பெட்டி அவர்களின் பேருந்தை ரசித்தேன். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கவும் செய்கிறேன். ஆனால் குழந்தை வளர்ச்சி உளவியலைக் கல்லூரியில் கற்பிப்பவன் என்ற முறையில், இந்த உரையாடல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் இருக்கச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

விளையாட்டைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பலவும் சான்றைவிட வேகமாக ஓடுகின்றன. 2013இல் ஆஞ்சலின் லிலார்டும் அவருடைய குழுவினரும் பாவனை விளையாட்டைக் குறித்துப் பல பத்தாண்டுகளில் வெளியான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தார்கள். படைப்பாற்றல், அறிவுத்திறன், தன்னடக்கம் ஆகியவற்றுக்குப் பாவனை விளையாட்டுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. அது பல வழிகளில் ஒரு வழியாக இருக்கலாம். அல்லது வேறொன்று வளரும்போது கூடவே தோன்றும் விளைவாகவும் இருக்கலாம். நன்றாகப் பேசும் குழந்தை நன்றாகப் பாவனை செய்கிறது என்றால், எது எதற்குக் காரணம் என்பதை அந்தத் தொடர்பு மட்டும் சொல்லிவிடாது. விளையாட்டு வேண்டாம் என்பதற்கு இது வாதமாகாது. விளையாட்டின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடக் கூடாது என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, கண்டுபிடிக்கக் கூடியதும் கண்டுபிடிக்க முடியாததும் வெவ்வேறு. மூன்று இலை நான்கு பேருக்குப் போதாது என்பதைக் குழந்தை தானே கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் அது உலகின் இயல்பில் இருக்கிறது. 'அ' என்ற வடிவத்துக்கு அந்த ஒலி என்பது மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. தமிழின் 247 எழுத்துகளில் ஒன்றைக்கூட எந்தக் குழந்தையும் மணலில் தோண்டிக் கண்டெடுக்கப் போவதில்லை. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். எண்களின் வடிவங்கள், கிழமைகளின் வரிசை, வடிவங்களின் பெயர்கள் எல்லாம் இவ்வகையே.

நடுவில் ஒரு பாதை இருக்கிறது, அதற்கு வழிநடத்திய விளையாட்டு என்று பெயர். கெல்லி ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முக்கோணம் போன்ற வடிவங்களை மூன்று விதமாக அறிமுகப்படுத்தினார்கள். ஒரு பிரிவில் பெரியவர் விளக்கிச் சொன்னார். ஒரு பிரிவில் குழந்தைகள் அதே பொருள்களோடு தாமாகவே விளையாடினார்கள். மூன்றாவது பிரிவில் பெரியவரும் குழந்தையும் துப்பறிவாளர்களைப் போல வடிவத்தின் 'ரகசியத்தை'த் தேடினார்கள். மூன்றாவது பிரிவுக் குழந்தைகளே முன்னணியில் நின்றார்கள். ஒல்லியான, சாய்ந்த, வழக்கத்துக்கு மாறான முக்கோணங்களையும் அவர்கள் முக்கோணம் என்று அடையாளம் கண்டார்கள். வடிவங்களைக் கற்பதில் தனித்து விடப்பட்ட பிரிவு பின்தங்கியது.

என் கட்சிக்கு எதிரான சான்றையும் நானே வைக்கிறேன். எலிசபெத் போனவிட்ஸும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பல மறைந்த வேலைகளைச் செய்யும் ஒரு புதுப் பொம்மையைக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். "இது இப்படித்தான் ஒலி எழுப்பும்" என்று ஆசிரியத் தொனியில் ஒரு வேலையை மட்டும் காட்டியபோது, குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்றவற்றைத் தேடிப் போகவில்லை. தற்செயலாக ஒலி எழுந்ததைப் பார்த்தவர்களும் எதுவும் காட்டப்படாதவர்களும் அதிகமாகக் குடைந்து பார்த்தார்கள். சொல்லித் தருவது சொல்லாததன் கதவைச் சாத்திவிடுகிறது. எதைச் சொல்லித் தருவது என்பதை அளந்து செய்ய வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே புதுத்தகப்பன் அவர்களே, அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பேன். கதை வாசிக்கிறார்களா, ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைத் தேடும் ஆட்டங்கள் உண்டா, யாராவது குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து அவளோடு நீளமாகப் பேசுகிறார்களா? வீட்டில் நிறைய உரையாடலும் புத்தகமும் கிடைக்கும் குழந்தை விளையாட்டுக்குள் நிறையக் கொண்டு வருகிறது. அவை கிடைக்காத குழந்தைக்குப் பள்ளியும் தராவிட்டால் இழப்பு அதற்குத்தான். எழுத்தைப் பொறுத்தவரை அவசரம் தேவையில்லை. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் செபாஸ்டியன் சகேட் ஒப்பிட்டபோது, 11 வயதளவில் வாசிப்புச் சரளத்தில் வேறுபாடு காணப்படவில்லை. நான்கு வயதில் எழுத்தை இடவலம் மாற்றி எழுதுவது மிகவும் இயல்பு.


புதுத்தகப்பன் (கேட்டவர்)

இருவருக்கும் நன்றி. இரண்டு மறுமொழிகளையும் அச்செடுத்து மனைவிக்கும் காட்டினேன். பள்ளியில் அனுமதி பெற்று ஒரு காலை முழுவதும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கண்டதைப் பதிவு செய்வது முறை என்று தோன்றுகிறது.

என் மகள் நீர்த்தொட்டியை விட்டு நகரவே இல்லை. கழுத்துக் குறுகிய ஒரு பாட்டிலில் கிண்ணத்திலிருந்து நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் வெளியே சிந்தியது. கையைக் குவித்துப் பார்த்தாள். ஒரு தாளைச் சுருட்டி வைத்தாள். அது நனைந்து மடங்கிவிட்டது. எழுந்து போய், "கிண்ணத்துக்குப் பதிலாக அந்த மூக்குள்ள குவளையை எடும்மா" என்று சொல்ல எனக்கு நா துடித்தது. ஆசிரியை இரண்டடி தூரத்தில்தான் இருந்தார், வாய் திறக்கவில்லை. ஏறத்தாழ நாற்பது நிமிடம். கடைசியில் அவள் பாட்டிலைத் தொட்டிக்குள்ளேயே சாய்த்து முக்கினாள். குமிழிகள் வந்தன, நிரம்பியது. யாரையும் திரும்பிப் பார்க்காமல் அதைக் கவிழ்த்துவிட்டு மறுபடி முக்கினாள். பிற்பாடு குறிப்பேட்டைக் கேட்டேன், இருந்தது. அவள் பெயருக்கு நேராக, மூன்று நாளாக அந்தப் பாட்டிலோடு போராடுகிறாள் என்றும், உதவி கேட்கும்வரை தலையிடப் போவதில்லை என்றும் எழுதியிருந்தது. ஐயப்பாடு அவர்கள் சொன்னபடி மீதி நேரத்தைப் பற்றியும் விசாரித்தேன். கதை நேரமும் சொல் விளையாட்டும் உண்டு என்று தெரிந்தது. இதை முன்பே எங்களிடம் சொல்லியிருந்தால் ஐந்து மாதம் தூக்கம் கெட்டிருக்காது என்று அவர்களிடம் சற்று உரிமையோடு சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில்தான் நிலைமை சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டைகளால் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, சாயப் போகிறதே என்று ஒரே ஒரு கட்டையை நேராக்கி வைத்தேன். "நீங்களே கட்டுங்கப்பா" என்று எழுந்து போய்விட்டாள். கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கு உறைத்தது. அலமாரி நிறையப் பொம்மைகள் இருந்தும் ஐந்து நிமிடத்தில் "போரடிக்கிறது" என்று வந்து நிற்கிறாள். வெளியே அழைத்துப் போனால் கிடைத்ததில் எல்லாம் ஏறுகிறாள்; "பார்த்து, விழுந்துவிடுவாய்" என்று சொல்லியே என் தொண்டை வற்றுகிறது. வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், அதைவிட என்ன செய்யாமல் இருக்க வேண்டும்?


மறுமொழி 3: திறந்தவெளி

குழந்தைகளுக்கான விளையாட்டிடங்களை வடிவமைப்பது என் தொழில். எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த ஒரு பாடம் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த நிலக்காட்சி வடிவமைப்பாளர் சோரன்சன், தான் அழகாக அமைத்துக் கொடுத்த விளையாட்டுத் திடல்களை விட்டுவிட்டுக் கட்டுமானக் கழிவு கிடக்கும் இடங்களைக் குழந்தைகள் நாடுவதைக் கவனித்தார். 1943இல் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரூப்பில் பலகை, செங்கல், கயிறு போன்றவற்றைக் குவித்து ஒரு 'பழம்பொருள்' விளையாட்டிடம் திறக்கப்பட்டதற்கு அந்தக் கவனிப்பே அடிப்படை. பின்னர் 1971இல் சைமன் நிக்கல்சன் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார்: ஓர் இடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு கூடுதலோ, அங்கே புதிதாக ஏதேனும் தோன்றும் வாய்ப்பும் அவ்வளவு கூடுதல்.

உங்கள் அலமாரிக்கு வருகிறேன். பொம்மை நிறைய இருப்பதனாலேயே அவளுக்குப் போரடிக்கலாம். 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 36 மழலைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் மற்றொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், பலவிதமாக விளையாடினார்கள். அவர்கள் உங்கள் மகளைவிடச் சிறியவர்கள், ஆய்வும் சிறியது. ஆனாலும் முயன்று பார்ப்பதில் செலவு ஒன்றுமில்லை. முக்கால்வாசியைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். சில வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். காலி அட்டைப் பெட்டியையும் பழைய போர்வையையும் இரண்டு துணிக் கவ்விகளையும் போட்டு வையுங்கள். பொத்தானை அழுத்தினால் தானே பாடி, தானே ஆடும் பொம்மையிடம் குழந்தைக்குச் செய்ய மிச்சம் எதுவும் இல்லை.

"போரடிக்கிறது" என்றவுடன் ஏதாவது ஏற்பாடு செய்துவிடாதீர்கள். "அப்படியா" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் சில நாள் சிணுங்கல் இருக்கும். பெரும்பாலான குழந்தைகள் சற்று நேரத்தில் எதையாவது உருட்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த இடைவெளியைக் கைப்பேசி கொண்டு நிரப்பினால் அது ஒருபோதும் நடக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலசைவில் இருக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் ஆட்டமுமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது.

ஏறுவதைப் பற்றி. எலன் சாண்ட்செட்டர் என்ற நார்வே ஆய்வாளர் குழந்தைகள் தாமாகத் தேடிச் செல்லும் துணிவு விளையாட்டுகளை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூர்மையான கருவிகள், நீர் நெருப்பு போன்ற ஆபத்தான சூழல்கள், கட்டிப் புரளுதல், பெரியவர் கண்ணிலிருந்து மறைந்து தனியே திரிதல். எங்கள் தொழிலில் இடரையும் அபாயத்தையும் நாங்கள் பிரித்துப் பேசுவோம். குழந்தை கண்ணால் கண்டு, தன்னால் முடியுமா என்று எடைபோடக்கூடியது இடர். உளுத்த பலகை, கழன்ற திருகு, அடியில் கிடக்கும் கண்ணாடித் துண்டு ஆகியவற்றைக் குழந்தையால் எடைபோட முடியாது, அவை அபாயம். அவற்றை அகற்றுவது உங்கள் வேலை, ஏறுவது அவள் வேலை. அவளைத் தூக்கி உயரத்தில் வைக்காதீர்கள். தானே ஏற முடிந்த உயரத்திலிருந்து தானே இறங்கப் பெரும்பாலும் கற்றுக்கொள்வாள். "விழுந்துவிடுவாய்" என்பதற்குப் பதிலாக "அடுத்த கால் எங்கே வைக்கப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தொண்டையும் தப்பும்.

பாலத்துக் கட்டையைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் சேர்க்க ஒன்றுமில்லை.


மறுமொழி 4: ஓரத்தில் ஒருத்தி

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் கவலை சற்று வேறு. என் மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம். அவன் பள்ளியிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் அவன் விளையாடுவதே இல்லையாம். சுவரோரம் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று ஆசிரியை சொல்கிறார். வீட்டுக்கு வந்தால் பொம்மைகளை உட்கார வைத்து அங்கே நடந்த அத்தனையையும் அப்படியே நடித்துக் காட்டுகிறான், யார் எந்தக் குரலில் பேசினார்கள் என்பது உட்பட. விருப்பம்போல் விளையாட விட்ட இடத்தில் இவன் மட்டும் விளையாடாமல் நிற்பது சரிதானா? கட்டைப்பெட்டி அம்மா சொன்னால் தெளிவு கிடைக்கும்.


மறுமொழி 5: கட்டைப்பெட்டி

ஐயப்பாடு அவர்களுக்கு முதலில் ஒரு வரி: எழுத்தை மணலில் தோண்டி எடுக்க முடியாது என்பதை முழுமையாக ஏற்கிறேன். என் வகுப்பிலும் கட்டற்ற விளையாட்டுக்குப் பிறகு ஒலி விளையாட்டு உண்டு. முதல் மறுமொழியில் அதைச் சொல்லாமல் விட்டது என் குறை.

சகோதரி, உங்கள் மகன் நிற்கும் இடத்துக்கு ஒரு பெயரே இருக்கிறது. மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகள் ஒருவரோடொருவர் கலப்பதை ஆறு நிலைகளாகப் பிரித்தார்: எதிலும் ஈடுபடாமை, தனித்து ஆடுதல், வேடிக்கை பார்த்தல், அருகருகே ஆனால் தனித்தனியாக ஆடுதல், கலந்து ஆடுதல், கூடித் திட்டமிட்டு ஆடுதல். வேடிக்கை பார்த்தல் அவற்றுள் ஒன்று; சும்மா இருப்பதை அவர் தனியாகவே பிரித்து வைத்தார் என்பதைக் கவனியுங்கள். இந்த ஆறையும் ஏணிப்படியாக எண்ணிக்கொண்டு 'என் குழந்தை எந்தப் படியில்' என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பின்வந்த ஆய்வுகளும் எங்கள் அன்றாட அனுபவமும் காட்டுவது வேறு: ஐந்து வயதிலும் குழந்தைகள் தனித்தும் ஆடுவார்கள், ஒரே காலையில் இந்த நிலைகளுக்கிடையே போய் வந்துகொண்டும் இருப்பார்கள். உங்கள் மகன் குரல் உட்பட வீட்டில் நடித்துக் காட்டுகிறான் என்றால் அவன் அங்கே மிகக் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறான்.

என் வகுப்பில் இதே போன்ற ஒரு பையன் இருந்தான். "போய்ச் சேர்ந்து விளையாடு" என்று தள்ளிய நாள்களில் அவன் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான். பிறகு ஒரு நாள் பேருந்துக்காரர்களே அவனைப் பார்த்து, "நீ பஸ் ஸ்டாப்பாக இரு" என்றார்கள். நின்ற இடத்திலேயே நிற்கலாம், பேச வேண்டியதில்லை, ஆனால் பேருந்து அவனிடம் வந்து நின்றுதான் போக வேண்டும். இரண்டு வாரம் அவன் பேருந்து நிறுத்தமாக இருந்தான். மூன்றாம் வாரம் "இங்கே இறங்காதீர்கள், மழை பெய்கிறது" என்று நிறுத்தம் வாய் திறந்தது. ஆசிரியையிடம் இப்படிப் பேச்சில்லாத, ஆனால் ஆட்டத்துக்குத் தேவையான ஒரு சிறு பாத்திரத்தைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். ஆசிரியையே ஒரு பயணியாக ஏறி, "நிறுத்தத்தில் யாரோ நிற்கிறார்களே" என்று சொன்னாலும் போதும். கலகலப்பில்லாத ஒரே ஒரு குழந்தையை மாலையில் வீட்டுக்கு அழைப்பதும் பலன் தரும். இருவர் இருக்கும் ஆட்டத்தில் நுழைவது ஆறு பேர் ஆட்டத்தில் நுழைவதைவிட எளிது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, தான் கண்டதைப் பிறருக்குச் சுட்டிக் காட்டாமை, வீட்டிலும் பாவனையே இல்லாமை, முன்பு பேசிய சொற்கள் குறைந்து போதல் ஆகியவை தென்பட்டால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை அவன் பொம்மைகளை உட்கார வைக்கும்போது, அவனுக்கு என்று எந்தப் பொம்மையை வைத்திருக்கிறான், அதை எங்கே நிறுத்துகிறான் என்று மட்டும் பாருங்கள், கேட்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து இங்கே எழுதுங்கள்.